பிலிம் காமிராவில் டிஜிட்டல் படம் எடுக்க இயலுமா?

அருவங்காட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் புகைப்படச் சுருளின்மேல் எனக்குச் சற்று உரிமை உண்டு. எங்கள் ஊர்த் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் என்னும் வெடிமருந்தின் முக்கியக் கூறு நைட்ரோ செல்லுலோஸ். பழைய சினிமாச் சுருளின் அடித்தளமும் அதே இனத்துப் பொருள்தான்! அச்சுருள்கள் நொடியில் தீப்பற்றியது அதனால்தான். பின்னர் எளிதில் தீப்பற்றாத அசிடேட் சுருள் வந்தது. மலை ரயிலில் கேத்தி, லவ்டேல் கடந்தால் உதகை. அதனை அடுத்த இந்து நகரில், 1960-இல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' பிலிமைத் தயாரித்தது. 1996-இல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்ட அந்நிறுவனம் இன்று இயங்கவில்லை.

சுருள் போயிற்று, காமிராக்கள் மட்டும் வீட்டு அலமாரிகளில் தங்கிவிட்டன. பிலிம் இருந்த இடத்தில் ஒரு டிஜிட்டல் உணரியை வைத்துவிட்டால் என்ன என்று நண்பர்கள் பலர் என்னைக் கேட்பதுண்டு.

கேள்வி எளிது, இடம்தான் இல்லை. லென்ஸ் பிம்பத்தை விழச் செய்யும் தளத்தில் பிலிம் அசையாமல் நிற்க வேண்டும். பிலிமின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லை. ஆதலால் அது ஷட்டருக்கும் பின்கதவுக்கும் நடுவே அடங்கிவிடுகிறது. உணரிக்கோ முன்னால் காப்புக் கண்ணாடி, பின்னால் மின்சுற்று. கண்ணாடி ஷட்டரை இடிக்கும். மின்சுற்று கதவை மூடவிடாது. ஷட்டர் எப்போது திறந்தது என்பதும் உணரிக்குத் தெரிந்தாக வேண்டும்.

1991-இல் கோடக் நிறுவனம் நிக்கான் எஃப்3 காமிராவின் பின்புறத்தையே மாற்றி 13 இலட்சம் புள்ளிகள் கொண்ட உணரியைப் பொருத்தியது. படங்களைச் சேமிக்கத் தோளில் ஒரு பெட்டியைத் தனியே சுமக்க வேண்டும்! சுருள் டப்பி வடிவிலேயே உணரியைச் செய்வதாக 1998-இல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். கடைக்கு வராமலே 2001-இல் அம்முயற்சி நின்றது. லைக்கா ஆர்8, ஆர்9 காமிராக்களுக்கு ஒரு கோடிப் புள்ளிகளுடன் வந்த டிஜிட்டல் பின்பகுதி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அது அவ்விரு காமிராக்களுக்கு மட்டுமே.

என் கருத்தில், உடலை விட்டுவிட்டு லென்சை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. நிக்கானில் லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து பிலிம் தளம் வரை 46.5 மி.மீ. சோனியின் கண்ணாடியில்லா டிஜிட்டல் காமிராவில் அத்தூரம் 18 மி.மீ. மீதி 28.5 மி.மீ.க்கு ஓர் உலோக வளையம் போதும். அதில் கண்ணாடியோ மின்சாரமோ தேவையில்லை. குவியத்தையும் துளையையும் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவே.

எல்லா இணையும் இப்படிப் பொருந்துவதில்லை. கேனான் எஃப்.டி. லென்சுக்கு வேண்டிய தூரம் 42 மி.மீ. அதை நிக்கான் உடலில் வெறும் வளையத்தால் மாட்டினால் அருகிலுள்ள தேயிலைக் கொழுந்து தெளிவாக விழும். தொலைவிலுள்ள தொட்டபெட்டா மங்கிவிடும். உணரி 36×24 மி.மீ. சட்டத்தினும் சிறியதாயின் காட்சியின் ஓரங்களும் வெட்டுப்படும். ஒன்றரை மடங்கு சிறிய உணரியில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போல நடக்கும்.

வளையம் வாங்குமுன் நம் மலைவாசிகள் ஒன்று செய்ய வேண்டும். துளையை முழுதும் திறந்து, லென்சின் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் பனிமூட்டத்தின் கைவரிசை. மேலோட்டமாக இருந்தால் துடைக்கலாம். கண்ணாடியையே அரித்திருந்தால் வளையத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்.