டிரில் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்க

இன்ஜினியரிங் சேர்ந்த முதல் மாசத்துலேயே சொந்தக்காரங்க நம்மை முழு இன்ஜினியர் ஆக்கிடுவாங்க. மிக்ஸி ஓடலையா, நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. அதுலயும் பிளம்பிங் வேலை பார்க்கிற மாமா ஒருத்தர் இருந்தா கேள்வி இன்னும் கஷ்டம். "மாப்ள, பேட்டரி டிரில் ஒண்ணு வாங்கணும். நீதான் படிக்கிறியே, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு."

நாம என்ன செய்வோம்? போனைத் திறந்து, எந்த மாடலுக்கு நியூட்டன் மீட்டர் அதிகம்னு பார்த்து அதைச் சொல்லிடுவோம். அங்கேதான் தப்பு நடக்குது. அந்தப் பணம் அவருக்குப் பல நாள் கூலி. அதனால கொஞ்சம் பொறுமையா யோசிப்போம்.

எந்தச் சுவர், என்ன ஓட்டை?

முதலில் அவருடைய வேலையைப் பட்டியல் போடுங்க. பைப் கிளாம்ப்புக்கு 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஓட்டை. கீசர் மாட்ட 10, 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட். மொட்டை மாடி சோலார் ஹீட்டரிலிருந்து பைப் இறக்க வரிசையாகக் கிளாம்ப். பிளாஸ்டிக் தண்ணீர் டேங்கில் கனெக்டர் மாட்ட ஹோல் சா.

சுவரும் ஒரே மாதிரி கிடையாது. செங்கல் சுவர் சுலபமாக வழிவிடும். ஏஏசி பிளாக் இன்னும் மென்மை. அதில் ஹாமர் மோடு போட்டால் ஓட்டை அகன்று, பிளக் பிடிக்காமல் சுற்றும். புது அபார்ட்மென்ட்கள் சிலவற்றில் அலுமினியம் ஃபார்ம்வொர்க் வைத்துச் சுவரையே காங்கிரீட்டில் வார்க்கிறார்கள். அங்கே போடுற ஒவ்வொரு ஓட்டையும் காங்கிரீட் ஓட்டைதான்.

ஒரே பேர், ரெண்டு மெஷின்

"ஹாமர் டிரில்"னு நாம பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு மெஷின்கள் இருக்கு.

ஒன்று, சுத்தியல் படம் போட்ட மோடு உள்ள சாதாரண டிரில். உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டுகள். ஒன்று அசையாமல் நிற்கும், இன்னொன்று சுழலும். பல்லின் மேல் பல் ஏறி இறங்கும்போது பிட் துள்ளும். நாம எவ்வளவு அழுத்துறோமோ அவ்வளவுதான் அடி விழும்.

இன்னொன்று, ரோட்டரி ஹாமர். இதில் மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டும். பிஸ்டன் காற்றை அழுத்தும், அந்தக் காற்று ஒரு எடையை வீசும், அந்த எடை பிட்டின் பின்பக்கம் மோதும். பிட்டை இறுக்கிப் பிடிக்காமல், கொஞ்சம் முன்பின் நகர இடம் விட்டுப் பூட்டுவது எஸ்.டி.எஸ். முறை. பாஷ் நிறுவனம் 1975-ல் கொண்டுவந்தது. அடி சக்கில் வீணாகாமல் நேரா சுவருக்குப் போகும். நாம லேசா அழுத்தினாலே போதும்.

பெட்டியில் உள்ள எண்ணைக் கணக்குப் போடுவோம்

முதல் வகைப் பெட்டியில் "நிமிடத்துக்கு 27,000 அடி"ன்னு பெருசா போட்டிருக்கும். வட்டில் 15 பல், நிமிடத்துக்கு 1,800 சுற்று, பெருக்கினால் 27,000. அவ்வளவுதான். ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு ஆற்றல்னு பெரும்பாலும் போடுவதே இல்லை.

ரோட்டரி ஹாமரில் "4,500 அடி, 2 ஜூல்"னு இருக்கும். வினாடிக்கு 75 அடி, அடிக்கு 2 ஜூல். அதாவது, 150 வாட் சுத்தியல் வேலையாகவே காங்கிரீட்டில் இறங்குது. காங்கிரீட் சுரண்டலுக்கு மசியாது, நொறுங்கணும். அதனால அங்கே பார்க்க வேண்டிய எண் ஜூல்தான்.

அப்போ நியூட்டன் மீட்டர் எதுக்கு?

ஹோல் சா ஓட்டவும் பெரிய ஸ்க்ரூ முடுக்கவும் அது வேணும். ஆனா அது நம்ம கையையும் திருப்பும். 60 நியூட்டன் மீட்டர் டிரில் ஏதோ கம்பியில் சிக்கி நின்னா, பிட்டுக்குப் பதிலா மெஷின் சுத்தப் பார்க்கும். கைப்பிடி 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா 600 நியூட்டன், கிட்டத்தட்ட 60 கிலோ எடையைப் பிடிச்ச மாதிரி. பக்கக் கைப்பிடி மாட்டி 20 சென்டிமீட்டரில் பிடிச்சா பாதியாகும். மாமா ஏணி மேல நின்னு வேலை பார்க்கிறவர். அதனால பக்கக் கைப்பிடியும், பிட் சிக்கினா தானே நிற்கிற வசதியும் இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

18-ஆ, 20-ஆ?

குழம்ப வேண்டாம். 3.6 வோல்ட் லித்தியம் செல் ஐந்தைத் தொடரில் இணைத்தால் 18. முழுசா சார்ஜ் ஏறினதும் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அதைத்தான் "20 வோல்ட் மேக்ஸ்"னு எழுதுறாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

பார்க்க வேண்டியது ஆம்பியர் மணி. 2 ஆம்பியர் மணி பேட்டரியில் 36 வாட் மணி, 4-ல் 72. ஐந்து ஐந்தாகப் பத்து செல் போட்ட பேட்டரியில் ஒரு செல்லுக்குப் பாதி கரண்ட்தான்; I²R படி ஒரு செல்லின் சூடு நாலில் ஒரு பங்கு. ஆனா எடை கூடும். தலைக்கு மேல கையைத் தூக்கி வேலை செய்யறவருக்குச் சின்ன பேட்டரி இரண்டு இருந்தா நல்லது.

சுவருக்குள்ள இருக்கிறது

பேட்டரி மெஷின்னா ஷாக் அடிக்காதுன்னு நினைக்காதீங்க. பிட் சுவருக்குள்ள ஓடும் 230 வோல்ட் வயரைத் தொட்டால், அது மெஷின் வழியா கைக்கு வரலாம். சுவிட்ச் போர்டுக்கும் கீசர் பாயின்ட்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடாதீங்க, மெயினை அணைச்சுட்டு ஆரம்பிங்க. டைல்ஸில் முதலில் ஹாமர் இல்லாமல் டைல் பிட். டைல் தாண்டினதும்தான் அடி. மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கணும், காங்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கு.

25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. டேங்கின் எடை தனி. பலமில்லாத டிரில்லை வச்சு காங்கிரீட்டில் மல்லுக்கட்டினா பிட் ஆடும், ஓட்டையின் வாய் அகலும், ஆங்கர் பிடிக்காது. அதுக்குக் கீழே நின்னுதான் ஒருத்தர் குளிக்கப் போறார். அதனால ஓட்டை நேராகவும் அளவாகவும் விழணும். போட்டதும் தூசியை ஊதிச் சுத்தம் பண்ணிட்டுத்தான் போல்ட்டை இறக்கணும்.

மாமாவுக்கு என்ன சொல்லலாம்?

செங்கல் வீடும் 8 மில்லிமீட்டர் கிளாம்ப்பும்தான் பெரும்பாலான வேலைன்னா, 18 வோல்ட் ஹாமர் டிரில் தாராளமா போதும். 13 மில்லிமீட்டர் சக், இரண்டு கியர் இருக்கட்டும். ஹோல் சாவை முதல் கியரில் ஓட்டச் சொல்லுங்க. அபார்ட்மென்ட் காங்கிரீட் அதிகம்னா 2 ஜூல் அளவில் ரோட்டரி ஹாமர். நாளைக்கு இன்னொண்ணு வாங்கும்போது அதே பேட்டரி பொருந்துமா, சர்வீஸ் சென்டர் பக்கத்துல இருக்கான்னும் பாருங்க. 4 அங்குல பைப் நுழைய ஓட்டை கேட்டா ரெண்டுமே வேண்டாம். அதுக்கு டைமண்ட் கோர் கட்டிங் ஆளைக் கூப்பிடணும்.

அடுத்த தடவை மாமா போன் பண்ணும்போது மாடல் பேரைத் தேட ஆரம்பிக்காதீங்க. முதல்ல, "எந்த மாதிரிச் சுவர்ல வேலை அதிகம் மாமா?"ன்னு கேளுங்க. மீதியை அவரே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்.