பல் முளைக்காத பிள்ளைகளும் வெயிலும்

பால்பல் சற்றுத் தாமதித்து முளைப்பது பல குழந்தைகளுக்கு இயல்பே. ஆயினும் ஒன்றரை வயது கடந்தும் பல்லே இல்லையெனில், அல்லது முளைத்த சிலவும் கூம்புபோல் இருக்குமெனில், பரம்பரைக் குறைபாடு உண்டோவென ஆராய்தல் வேண்டும். பல், நகம், முடி, வியர்வைச் சுரப்பி ஆகியவை கருவின் மேற்படலத்தோடு தொடர்புடையவை. ஆகவே ஒன்றில் நேரும் குறை மற்றொன்றிலும் தோன்றக்கூடும்.

1965-ல் அமெரிக்கரான விட்காப் விவரித்த பல்-நக நோய் இவ்வினத்தைச் சேர்ந்தது. இதில் பால்பற்கள் பெரும்பாலும் முளைத்துவிடும். நிரந்தரப் பற்கள் சிலவே இரா. நகங்கள், குறிப்பாகக் கால்நகங்கள், மெலிந்து கரண்டிபோல் குழிந்திருக்கும். வயது ஏறஏற நகம் சீர்படுவதால், பெற்றோர் நகத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்தலாகாது. அவர்களது பால்ய காலத்தையும் விசாரிக்க வேண்டும். பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், பாதி வாய்ப்பு உண்டு. வியர்வைக்குக் குறைவில்லை, உயிருக்கும் ஆபத்தில்லை.

வியர்வையற்ற வகையோ வேறு. சிந்து தேசத்துக் குடும்பம் ஒன்றில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆடவர் சில பற்களோடு மட்டுமே வாழ்ந்து, கோடையில் பெரிதும் துன்புற்றதை டார்வின் எழுதியுள்ளார். அவர்களின் புதல்வியர் நோயுறவில்லை. ஆனால் தம் ஆண்மக்களுக்கு அதை அளித்தனர். இதற்குக் காரணமான மரபணு 1996-ல் கண்டறியப்பட்டது. இதனைத் தாங்கிய தாயிடம் சிறு அறிகுறியே தென்படலாம். அவளைப் பழிப்போர் ஊரில் எப்போதும் உண்டு. மழையைப் பழிப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இவ்வகையில் நகம் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆகவே, பல் குறைந்த பிள்ளையைக் கண்டதும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வியர்க்கிறதா என்பதே. வியர்க்காத குழந்தையின் உடற்சூடு வெயிலில் அபாயகரமாக ஏறும். அச்சூட்டைக் காய்ச்சல் மாத்திரை தணிக்காது. நிழலும், குளிர்ந்த நீரும், நனைத்த சட்டையுமே தணிக்கும். காய்ச்சலுக்கு வேறு நோயும் காரணமாகலாமாதலின் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். நடுப்பகலில் களத்திற்கோ மேய்ச்சலுக்கோ இப்பிள்ளையை அனுப்பலாகாது. பள்ளியில் நிழலும் குடிநீரும் கிடைக்கச் செய்வதும், ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவைப்பதும் பஞ்சாயத்து அங்கத்தினரால் இயலும்.

ஈற்றினுள் பல்லின் முளை உண்டா என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். இல்லையெனில், ஏறக்குறைய மூன்று வயதிலேயே கட்டுப்பல் பொருத்தலாம். மெல்லவும் தெளிவாகப் பேசவும் அது உதவும். தாடை வளர வளர அதனை மாற்றிச் செய்ய வேண்டும். எலும்பில் பதிக்கும் பல்லைப் பற்றிப் பொதுவாக வளர்ச்சி நின்ற பின்னரே யோசிக்கலாம்.