கப்பலில் கேபின் உயர்வு: தொழிலுக்குப் புதிதாக வந்த பயண முகவருக்கு ஒரு கடிதம்

ஒரே நிறுவனத்தின் உல்லாசக் கப்பல்களில் திரும்பத் திரும்பப் பயணம் செய்பவருக்கு அந்நிறுவனம் முதலில் தருவது உபசரிப்பு. பெரிய கேபின் அந்த உபசரிப்பில் அடங்குவது அரிது. பலமுறை வந்தவருக்குச் சூட் தானாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை பயணிகளிடம் பரவலாக இருக்கிறது. அதை முன்பதிவின்போதே திருத்திவிடுவது முகவரின் கடமை. அப்போது விட்டுவிட்டால், கப்பலேறும் நாளில் ஏற்படும் ஏமாற்றத்தைச் சரிசெய்ய யாராலும் முடியாது.

திரும்ப வரும் பயணிகளுக்காக ராயல் கரீபியன் நடத்தும் ‘கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டி’யை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண கேபினில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு புள்ளி, சூட்டில் இரண்டு. இருவருக்கான கட்டணத்தையும் கொடுத்துத் தனியாகச் செல்பவருக்கு இரவுக்கு ஒரு புள்ளி கூடும். 30 புள்ளியில் பிளாட்டினம், 55இல் எமரால்டு, 80இல் டைமண்ட், 175இல் டைமண்ட் பிளஸ், 700இல் பினக்கிள். ஆண்டுக்கு ஒரு வாரம் சாதாரண கேபினில் போகும் தம்பதி டைமண்டை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அப்போது அவர்கள் பெறுவது நாளுக்கு நான்கு பானக் கூப்பன்கள், பால்கனி மற்றும் சூட் கட்டணங்களில் தள்ளுபடி போன்றவை. பிரின்சஸ் நிறுவனத்தில் பதினைந்து பயணங்களையோ 150 நாள்களையோ முடித்தவர் எலைட் ஆகிறார். அந்த நிலையின் சலுகைகளில் ஒன்று இலவசச் சலவை. இளம் முகவருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். மூன்று வாரப் பயணத்துக்குப் பாதித் துணியோடு கிளம்பும் முதியவருக்கு அது பெரிய உதவி. அந்த அளவில் மதித்தே அதைச் சொல்ல வேண்டும்.

கேபின் விஷயம் வேறு கணக்கில் ஓடுகிறது. காலியாக இருக்கும் சூட்டை நிறுவனம் முதலில் விற்கப் பார்க்கும்; விற்காமல் போனதை ஏற்கெனவே பதிவு செய்தவர்களிடம் ஏலத்துக்கு விடும். ராயல் கரீபியனில் இதற்கு ‘ராயல்அப்’ என்று பெயர். ஏலத்தொகை தலைக்கு இவ்வளவு என்று கேட்கப்படுகிறது. 200 டாலர் கேட்ட தம்பதியின் கார்டிலிருந்து 400 டாலர் போகும். நிறுவனம் ஏற்றுக்கொண்டபின் பணம் திரும்பாது; அறை எண்ணையும் நிறுவனமே முடிவு செய்யும். ஏலத்தில் சூட் கிடைத்தாலும் புள்ளிகள் முதலில் பதிவு செய்த வகைக்கே சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரட்டைப் புள்ளி எண்ணத்தில் ஏலம் கேட்க முனைபவரை முகவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

பணமில்லாமல் உயர்வு கிடைப்பதும் உண்டு. மலிவான கேபின்களுக்குத் தேவை மிகும்போது, அவற்றை மறுபடி விற்பதற்காகச் சிலரை மேலே நகர்த்துவார்கள். வகையை மட்டும் உறுதிசெய்து, எண்ணைப் பின்னர் ஒதுக்கும் ‘கேரண்டி’ பதிவில் இது சில சமயம் நடக்கும். கடைசியாக மிஞ்சிய மோசமான அறை வருவதும் அதே பதிவில்தான். நால்வர் குடும்பத்துக்கு வாய்ப்பு இன்னும் குறைவு: நான்கு படுக்கை கொண்ட கேபின்கள் சிலவே; அந்தப் பகுதிக்குரிய உயிர்காப்புப் படகுகளின் இடக்கணக்கும் குறுக்கே வரும்.

மேலே போவதெல்லாம் நன்மையும் அல்ல. கப்பலின் ஆட்டத்தில் குமட்டல் காணும் பயணிக்குக் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் இருக்கும் உள்ளறை, முன்முனையின் மேல்தளத்துப் பால்கனியைவிட நல்லது. நீச்சல்குளத் தளத்துக்கு நேர்கீழே உள்ள அறையில் விடியற்காலை நாற்காலி இழுக்கும் ஓசை கேட்கும். இத்தகைய பயணி அறையைத் தெரிந்தெடுத்துவிட்டால், உயர்வு வேண்டாம் என்ற குறிப்பையும் பதிவில் சேர்க்கச் சொல்லலாம். உயர்வே கிடைக்காவிட்டாலும் மனநிறைவோடு தங்கக்கூடிய கேபினையே பதிவு செய்யச் சொல்வது நேர்மையான ஆலோசனை.

விதிகள் மாறும். இரவுகளை எண்ணிவந்த தன் திட்டத்துக்குப் பதிலாகச் செலவை அடிப்படையாகக் கொண்ட திட்டம் வருமென்று கார்னிவல் 2025இல் அறிவித்தபோது, நெடுநாள் பயணிகள் பலர் மனம் புண்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அதனாலேயே பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் சலுகையைக் காட்டி இன்றைய பயணத்தை விற்கக் கூடாது. கையில் இருக்கும் நிலையை முழுதாகப் பயன்படுத்திக் கொடுப்பதில்தான் முகவரின் உழைப்பு தெரியும். எடுத்துக்காட்டாக, ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ ஆகிய மூன்றும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. 2024இல் அறிவித்த ஏற்பாட்டின்படி, ஒன்றில் பெற்ற நிலைக்கு ஈடான நிலை மற்ற இரண்டிலும் உண்டு. பயணியின் உறுப்பினர் எண் பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று கப்பல் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.