அழிப்பதற்கு முன்: உடுமலைத் தம்பிக்கு ஒரு கடிதம்



உங்கள் கடிதம் கிடைத்தது. பகலில் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, இரவில் உடுமலைப்பேட்டைக்குத் திரும்பித் தமிழ் நூல்களின் கோப்புகளைச் சேர்க்கும் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். உடுமலை நாராயணகவியின் சினிமாப் பாட்டுகளில் ஆரம்பித்து, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்து நூல்கள், நண்பர்கள் பென்டிரைவில் கொடுத்தவை என்று ஆயிரம் கோப்பு சேர்ந்துவிட்டதாம். பாதிக்குமேல் ஒன்றுபோலவே இருக்கிறதாம். ஒன்றுபோல் இருப்பவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரே கட்டளையில் அழிக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள். வழி உண்டு. ஆனால் இந்தக் கடிதம், அதைச் செய்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று சொல்வதற்குத்தான்.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். ஷா256சம் கட்டளை ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்தில் ஒரு முத்திரை தரும். அந்தப் பட்டியலை சார்ட் கட்டளையில் போட்டு, முதல் 64 எழுத்தை மட்டும் பார்க்கும்படி யூனிக் கட்டளையிடம் சொன்னால், அச்சு அசலாக ஒன்றாக இருப்பவை கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். எஃப்டூப்ஸ் என்ற கருவி இதையே தானாகச் செய்யும்: அளவைப் பார்க்கும், முத்திரையைப் பார்க்கும், கடைசியில் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும். இப்படிப் பிடிபட்டதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால் நஷ்டம் இல்லை. கேட்காமலே அழிக்கும் வசதியும் எஃப்டூப்ஸில் இருக்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உங்கள் சிக்கல் இதற்கு அப்பால் இருக்கிறது. ஒரே கலர் என்று இரண்டு ரோல் துணியை எடுத்திருப்பீர்கள். டையிங் லாட் வேறு என்பது, இரண்டையும் சேர்த்துத் தைத்து வெளிச்சத்தில் விரிக்கும்போதுதான் தெரியும். திரையில் ஒன்றுபோல் தெரியும் தமிழ்க் கோப்புகளுக்குள்ளும் அப்படி லாட் மாறியிருக்கும். ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘ஸ்ரீ’யின் கதை இன்னும் பழையது. ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடுக்குள் வந்ததே 2005-ல், 4.1 பதிப்பில். அதற்கு முந்தைய கோப்புகள் ‘ஸ்ரீ’யை ‘ஸ’ வைத்து எழுதியவை, பிறகு வந்தவற்றில் ‘ஶ’ வைத்து எழுதியதும் உண்டு. கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டியவர்கள், ‘கௌ’வுக்கு ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் போட்டவர்கள் தனிக் கணக்கு.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் பழைய நூல்கள் பல, யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியேற்றத்தில் இருந்தன, பிறகு யூனிகோடுக்கு வந்தன. உங்கள் பென்டிரைவில் இரண்டு காலத்துக் கோப்பும் கலந்திருக்கலாம். ஆகவே ஒப்பிடுவதற்கென்று தனியாக ஒரு நகல் எடுத்து, அந்த நகலை மட்டும் சீர்செய்யுங்கள். திஸ்கியை ஐகான்வ் மாற்றித் தரும். விண்டோஸ் வரிமுடிவை டாஸ்2யூனிக்ஸ் பார்த்துக்கொள்ளும். கொம்பு–கால் சிக்கலுக்கு, இரண்டாக இருப்பதை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு யூகான்வில் மாற்றினால் போதும். ‘ஸ்ரீ’, ‘ர’, ‘ள’ எல்லாம் அதில் தீராது, ஒவ்வொன்றுக்கும் செட் கட்டளை எழுத வேண்டும். எழுத்தை மாற்ற டிஆர் கட்டளையின் பக்கம் போகாதீர்கள். ஜிஎன்யூ டிஆர் பைட் பைட்டாகப் பார்க்கும், யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், எழுத்து சிதைந்துபோகும். மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது ஒப்பிடுவது. எல்லோரும் டிஃப் கட்டளையில்தான் ஆரம்பிப்பார்கள். 1974-ன் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பிலேயே அது உண்டு. அதன் முறையை 1976-ல் ஹண்ட், மெக்கில்ராய் இருவரும் பெல் லேப்ஸ் அறிக்கையாக எழுதினார்கள். வரிசை மாறாமல் இரண்டு கோப்பிலும் வரும் வரிகளை முடிந்தவரை நீளமாகப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை வேறுபாடு என்று அது காட்டும். வரிசைதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. பரிமேலழகர் உரையோடு இருக்கும் குறள் கோப்பையும் மணக்குடவர் உரையோடு இருப்பதையும் எடுத்து, உரையை நீக்கிவிட்டு டிஃப்பில் போட்டுப் பாருங்கள். பல அதிகாரங்களில் குறள்களின் வைப்புமுறை வேறு என்பதால் பக்கம் பக்கமாக வேறுபாடு கொட்டும். ஒவ்வொரு குறளையும் ஒரே வரியாக்கி, இரண்டையும் சார்ட் செய்து காம் கட்டளைக்குக் கொடுத்தால் வரிசை மாற்றம் மறைந்துவிடும், நிஜமான பாடபேதம் மட்டும் மேலே வரும். இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் வேறு.

ஆயிரம் கோப்பை இரண்டிரண்டாக ஒப்பிடப் போனால் 4,99,500 ஜோடி. அதனால் முதலில் சந்தேகத்துக்குரிய ஜோடிகளைப் பொறுக்க வேண்டும். ஐந்தைந்து சொல்லாக நகர்ந்து நகர்ந்து துண்டு எடுத்து, எந்தத் துண்டு எந்தெந்தக் கோப்பில் வருகிறது என்று சார்ட்டில் சேர்த்து எண்ணுவது ஒரு வழி. ஆண்ட்ரே பிரோடர் 1997-ல் ஆல்டாவிஸ்டா தேடுபொறிக்காகச் செய்ததன் அடிப்படை இதுதான். பத்து வருஷம் கழித்து கூகுள்காரர்கள் 800 கோடிப் பக்கங்களுக்கு 64 பிட் முத்திரையைப் பரிந்துரைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆக், சார்ட் என்ற இரண்டு கட்டளையும் போதும்.

தமிழில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். ஒருவர் செய்யுளைச் சீர் பிரித்துத் தட்டியிருப்பார், இன்னொருவர் பதம் பிரித்துத் தட்டியிருப்பார். இடைவெளி மாறினால் ஐந்து சொல் துண்டுகள் பொருந்தாமல் போகும். இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பன்னிரண்டு பதினைந்து குறியீடு கொண்ட துண்டாக வெட்டுங்கள். புணர்ச்சியைப் பிரித்த இடத்தில் மட்டும்தான் அப்போது விட்டுப்போகும். இப்படி வெட்டும்போது ஒரு எச்சரிக்கை: உபுண்டுவில் இயல்பாக வரும் ஆக், எம்ஆக் என்ற வகை; அது குறியீட்டை அல்ல, பைட்டை எண்ணும். அதற்குப் பதில் ஜிஆக் போட்டுக்கொள்ளுங்கள். மதுரைத் திட்டத்துக் கோப்புகளின் தலைப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். ஒப்பீட்டு நகலில் அதை வெட்டாவிட்டால் சம்பந்தமில்லாத நூல்கள்கூட உறவு கொண்டாடும். மூலத்தில் அந்தப் பெயர்களை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது.

இதற்குப் பிறகு பட்டியல் ஒன்று கையில் இருக்கும்: இந்த ஜோடி 97 சதவீதம், அந்த ஜோடி 99 சதவீதம் என்று. இங்கேதான் கை பரபரக்கும். பையர் அனுப்பிய ஆர்டர் (பிஓ) இரண்டாம் ரிவிஷனுக்கும் மூன்றாவதற்கும் நடுவே துணியின் எடை (ஜிஎஸ்எம்) 160 என்பது 180 ஆகியிருந்தால், அந்த இரண்டு கோப்பும் 99 சதவீதம் ஒன்றுதான். பழையதை வைத்து நிட்டிங்குக்குக் கொடுத்துவிடுவீர்களா? சதவீதம் எவ்வளவு மாறியது என்று சொல்லும், எது மாறியது என்று சொல்லாது. ஒவ்வொரு ஜோடியையும், சொல் அளவில் ஒப்பிடும் டபிள்யூடிஃப்பில் போட்டுச் சொல் சொல்லாகப் படித்தே ஆக வேண்டும்.

நாராயணகவி பாட்டிலேயே இதைப் பார்க்கலாம். பூளவாடியில் 1899-ல் பிறந்து 1981-ல் மறைந்த அவர் சினிமாவுக்கு எழுதிய காலம் 78 சுழற்சி இசைத்தட்டுகளின் காலம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் அல்லது அதற்குக் கொஞ்சம் அதிகம்தான் அடங்கும். அதனால் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் சரணம் தட்டில் இல்லாமல் போவது உண்டு. ஒருவர் புத்தகத்தைப் பார்த்துத் தட்டியிருப்பார், இன்னொருவர் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியிருப்பார். சிறிய கோப்பை அரைகுறை என்று அழித்தால், பாடப்பட்ட வடிவம் போய்விடும். பெரியதை அழித்தால் கவிஞர் எழுதிய சரணம் போய்விடும். இரண்டையும் காப்பாற்றும் வழியைப் பதிப்பாசிரியர் உ.வே. சாமிநாதையரிடம் பார்க்கலாம். அவர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான். தாம் ஏற்ற பாடத்தை மேலே வைத்துவிட்டு, மற்றப் பிரதிகளின் பேதங்களையும் குறித்துக் கொடுப்பது அவர் பதிப்புகளின் வழக்கம். பின்னால் வருபவர் அவரோடு மாறுபடவும் முடிகிறது என்றால், அந்தக் குறிப்புகளால்தான்.

உங்களிடம் நான் கேட்பதும் அந்தக் குறிப்புதான். ஒரு குறிப்புக் கோப்பு தொடங்குங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரி: இரண்டின் முத்திரை, எங்கிருந்து வந்தது, என்ன வேறுபாடு, எதை முதன்மையாக வைத்தீர்கள், ஏன். வேறுபாடு வெறும் குறியேற்றம் என்று படித்துத் தெளிந்தால் தாராளமாக நீக்குங்கள். ஒரு சொல்லாவது நிஜமாக மாறியிருந்தால் இரண்டும் இருக்கட்டும். ஆயிரம் எழுத்துக் கோப்பு இன்றைய வட்டில் பெரிதாக இடம் பிடிக்காது. இடம் பத்தவில்லை என்று அழிக்கும் காலம் இல்லை இது. முதலில் நாராயணகவி பாட்டுகளை முடியுங்கள், அந்தக் குறிப்புக் கோப்பை எனக்கு அனுப்புங்கள். ‘ஏன்’ என்ற பத்தி காலியாக இருக்கும் வரிகளை மட்டும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்