ரொட்டிக்குப் பக்கத்தில் என்ன?

அன்புள்ள மகளுக்கு,

இடைவேளையில் ரொட்டிப் பெட்டியைத் திறக்க வெட்கமாக இருக்கிறது, நூடுல்ஸ் பக்கற் வாங்கக் காசு வேண்டும் என்று எழுதியிருந்தாய். கோபமில்லை. ஆனால் அந்த ரொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அது நம் பரம்பரைச் சாப்பாடு அல்ல. தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள் கேழ்வரகும் சோறும் உண்டு வளர்ந்தவர்கள். கோதுமை இந்தத் தீவில் விளைவதே இல்லை. கப்பலில் வந்து, திருகோணமலை ஆலையில் அரைபட்டு, தவிடு போன வெள்ளை மாவாகத்தான் லயத்துக்கு வருகிறது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. அதைக் கண்ணால் கண்ட அப்பாயி இன்றைக்கும் மாவு டின்னில் அடி தெரிய விடமாட்டார். விடியற்காலையில் கொழுந்து மலைக்குப் போகிறவருக்கு இரண்டு ரொட்டி வயிற்றைத் தாங்கும். ஆகவே ரொட்டியை விடு என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பக்கத்தில் என்ன வைக்கிறாய் என்பதைத்தான் கேட்கிறேன்.

தலவாக்கலையைச் சுற்றிக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளைகின்றன. லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்கும் மரக்கறி நம் தட்டில் ஏன் இல்லை? போன ஞாயிறு ஒரு பிடி வல்லாரையை மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்தேன். அடுப்பே மூட்டவில்லை. அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ளவும் அதுதான் உதவுகிறது. சாயத்தண்ணி நேர்மாறாக அதைத் தடுக்கிறது. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இரத்தசோகை இருக்கையில், சாப்பிட்ட கையோடு நாமே சாயத்தண்ணியை ஊற்றிக் குடிக்கிறோம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும், பிறகு குடி.

சீனியையும் கணக்குப் பார். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஐந்தாறு தேக்கரண்டி. கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் மூன்று கோப்பைச் சாயத்திலேயே முடிந்துவிடும். சோடாவுக்கு இடமேது?

பக்கற் வாங்கவே கூடாது என்பதில்லை. வாங்குமுன் திருப்பிப் பார். இலங்கையில் 2016இலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவை நிறத்தால் காட்டுகிறார்கள். 2019இல் பொதி செய்த மற்ற உணவுகளுக்கும் உப்பு, சீனி, கொழுப்பு மூன்றுக்கும் அந்த முறை வந்தது. 100 கிராமில் உப்பு 1.25 கிராமைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் மாதத்துக்கு ஒருமுறை ஆசைக்கு வாங்கு. தினச் சாப்பாடாக்காதே.

உன் பெட்டிக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மாவோடு துருவிய கரட்டும் பொடியாக நறுக்கிய லீக்ஸும் சேர்த்துச் சுட்டால் ரொட்டி மஞ்சளும் பச்சையுமாக வரும்; பக்கத்துப் பிள்ளை ஒரு துண்டு கேட்பாள். சனிக்கிழமை வருகிறேன். சேர்ந்து சுடுவோம், வல்லாரை பறித்து வை.

அன்புடன்,
சித்தி