இசை மாநாடும் கேட்போர் உரிமையும்

பாடுவோர் பாடக் கேட்போர் தலையசைத்து வீடு திரும்புவதே இசையரங்கின் இயல்பென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இசையின் இலக்கணத்தை வினவுதற்கு மரபிற் பயின்ற வித்துவான்கட்கே உரிமையுண்டு. இசையை விரும்பிக் கேட்பவனுக்கு அஃது இல்லை என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை அசைத்தவை இசை மாநாடுகள். அவற்றுள் தமிழ்நாட்டில் முன்னின்ற ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

1912-ஆம் ஆண்டில் தஞ்சை மாநகரிற் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தோன்றிற்று. அதனைக் கூட்டியவர் அரசரல்லர், ஆலயத்தாரல்லர், கச்சேரி செய்து வாழ்ந்தவருமல்லர். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இற் பிறந்து, ஆசிரியராய் வாழ்வு தொடங்கி, பின்னர்ச் சித்த மருத்துவராய்ப் பெயர்பெற்ற ஆபிரகாம் பண்டிதர் என்னும் கிறிஸ்தவர் அவர். தம் கைப்பொருளைச் செலவிட்டு, வித்துவான்களையும் இசையன்பர்களையும் ஓரவையில் அமர்த்தினார். அடுத்த ஆண்டுகளிலும் அச்சங்கம் பலமுறை கூடிற்று.

அங்கு ஆராயப்பட்டவற்றுள் தலையாயது சுருதிக் கணக்கு. ஒரு ஸ்தாயியில் ஸ்வரத்தானங்கள் 12 என்பது யாவர்க்கும் ஒப்பமுடிந்தது. அவற்றினும் நுண்ணிய சுருதிகள் எத்தனை? வடநூல் வழிவந்தோர் 22 என்றனர். பண்டிதர் 24 என்றார். இரண்டு எண்ணிற்கு இத்துணை வழக்கா என்று நகுவார் நகுக, செய்தி ஆழமானது. ஷட்ஜத்தின் அதிர்வை ஒன்றென வைத்தால், பஞ்சமத்தின் அதிர்வு ஒன்றரை. மேல் ஸ்தாயி ஷட்ஜத்தினது இரண்டு. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்திற்கேறி, அப்பஞ்சமத்தையே ஷட்ஜமாகக் கொண்டு மீண்டும் அதன் பஞ்சமத்திற்கேறி, இவ்வாறு பன்னிருமுறை சென்றால் ஏழு ஸ்தாயி கடந்து ஷட்ஜத்தையே அடைதல் வேண்டும். ஏழு ஸ்தாயிக்குரிய பெருக்கம் 128. ஒன்றரையைப் பன்னிருமுறை பெருக்க வருவதோ ஏறத்தாழ 129.7. வட்டம் பொருந்தவில்லை! அம்மிகையை எங்ஙனம் பகிர்வது என்பதே வழக்கின் உயிர்நிலை. ஸ்தாயியைப் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் ஒத்த அளவிற் பகுத்தலே முறையென்று பண்டிதர் துணிந்தார்.

இத்துணிபிற்கு அவர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் சான்றாகக் கொண்டதுதான் தமிழ் மாணாக்கர்க்கு இனிக்கும் பகுதி. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என அலகுகளைக் கூட்ட வருவது 22. கைக்கிளையும் விளரியும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடப்பட்டன. குறையா நிலையில் அவை 24 என்பது பண்டிதர் விளக்கம். ஈண்டு அவர் உரையைச் சற்றே நீட்டி இழுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் முடிபை இன்றும் எல்லோரும் ஒப்பினாரல்லர். ஆயினும் வழக்கை ஏட்டளவில் நிறுத்தாது, கருவியில் ஒலிப்பித்துச் செவியின் தீர்ப்பிற்கு விட்டாரன்றோ, அதுவே பெரிது. 1916-இற் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிற்கும் தம் மகளிரை அழைத்துச் சென்று, வீணையின் துணையால் தம் கொள்கையை மெய்ப்பிக்க முயன்றார். மறு ஆண்டில் அவரது கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1919-இல் அவர் மறைந்தார்.

பின்வந்த வரலாறு பலரும் அறிந்தது. 1927-இற் சென்னையிற் காங்கிரஸ் மகாசபையுடன் நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாகச் சங்கீத வித்துவ சபை எழுந்தது. காலையில் ஆராய்ச்சி, மாலையிற் கச்சேரி என்னும் ஒழுங்கு அங்கே வேரூன்றிற்று. மாலைக் கச்சேரிக்கு நெருங்குங் கூட்டத்திற் பாதியேனும் காலையில் வருமாயின் நன்று. 1943-இற் பிறந்த தமிழிசைச் சங்கம் 1949 முதற் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று.

இவையெல்லாம் பெருநகரச் செய்திகள். சேர்வராயன் மலையடியிலுள்ள எம்மூராகிய பாப்பிரெட்டிப்பட்டி போன்ற இடங்கட்கும் இவற்றிற்கும் யாது தொடர்பு எனின், கூறுவேன். திருவிழாக் காலத்துத் தெருக்கூத்தில் விடியுமட்டும் அமர்ந்திருக்கும் எம்மூரார், பாடுவோன் குரல் சுருதியினின்று வழுவியவுடன் முகஞ்சுளிப்பர். சுருதி என்னும் சொல்லை அவர் வழங்காதிருக்கலாம். செவி வழுவை அறிந்துவிடுகிறது. மேலும், பண்டிதரின் வழக்கு அக்கூத்துமேடையிலேயே இரவெல்லாம் நிகழ்கிறது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுத்து நிறுத்தியவை. வாசிப்பவன் விரும்பினும் இம்மியும் அசையா. முகவீணையோ மூச்சிற்கும் விரலுக்கும் இசைந்து, ஸ்வரங்கட்கு இடையே வழுக்கிச் செல்வது. அசையாமை கருதியே 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி, முப்பது ஆண்டுகள் வாயிலில் நிறுத்திற்று. கூத்தரோ இரண்டையும் ஒருங்கே ஒலிப்பிக்கின்றனர்!

ஆதலின், எம்மூரில் ஒரு சனி ஞாயிறுகளிற் கூத்தரையும் கேட்போரையும் ஒருங்கமர்த்தி, பகலில் உசாவலும் இரவிற் கூத்துமாக ஒரு சிறு மாநாடு கூட்டலாகாதா? மேடையும் பந்தலும் வேண்டா. பள்ளித் திண்ணை போதும். ஒரே பாட்டை முதலில் ஆர்மோனியத்துடனும், அடுத்து முகவீணையுடனும், மூன்றாவது இரண்டுமின்றியும் பாடச் சொல்லல் வேண்டும். பின்னர் முன்வரிசையில் அமர்ந்த முதியோரை நோக்கி, எந்தப் பாட்டில் எவ்விடம் செவிக்குப் பொருந்திற்று, எவ்விடம் உறுத்திற்று என்று வினவி, அவர் கூறுவதைக் கூறியவாறே எழுதிக்கொள்ளல் வேண்டும்.