கேத்தலில் குறையில்லை

பண்டாரவளை

அன்புள்ள தம்பிக்கு,

கேத்தலின் அடியில் 230 வோல்ட், 2000 வாட் என்று எழுதியிருக்கிறது. அதன்படி தடை 26.45 ஓம். கிளாம்ப் மீற்றரில் ஓட்டம் 7.2 அம்பியர்; 230ஐ அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 32 ஓம். அப்படியானால் கேத்தல் பழுதா, கடையில் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே. குறை கேத்தலில் இல்லை, நீ வகுத்த அந்த 230இல் இருக்கிறது.

ஒற்றைக் கம்பியை மட்டும் கிளாம்புக்குள் விட்டது நல்ல வேலை. இரண்டையும் சேர்த்து விட்டிருந்தால் மீற்றர் சுழியம் காட்டியிருக்கும், நீயும் வேறொரு கேள்வி எழுதியிருப்பாய். ஆனால் ஓட்டத்தை வீட்டில் அளந்துவிட்டு அழுத்தத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்தாயே, அது என்ன நியாயம்? ரியூட்டரிகளில் ஓமின் விதிக்கு ஒரு முக்கோணம் போட்டுக் காட்டுகிறார்கள்; விரலால் ஒன்றை மூடினால் மற்ற இரண்டும் விடை சொல்லுமாம். எனக்கு அந்த முக்கோணத்தைக் கண்டாலே எரிச்சல். யாருடைய அழுத்தம், எந்த இரு முனைகளுக்கு நடுவில், எந்த நேரத்தில் என்று அது ஒருநாளும் கேட்பதில்லை.

அந்த விதியைக் கண்டுபிடித்த ஓம் இந்த விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று வாசித்துப் பார். கொலோனில் பள்ளிக்கூட ஆசிரியர். முதலில் மின்கலங்களை வைத்துத்தான் அளந்தார். அவற்றின் அழுத்தம் அளக்க அளக்க இறங்கிக்கொண்டே போனது. பொகென்டோர்ஃப் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனைப்படி செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வித்தியாசம் அசையாத வரை அழுத்தமும் அசையாது. அதற்குப் பிறகுதான் வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டினார். 1827இல் அவருடைய புத்தகம் வந்தது. நம் பண்டாரவளையில் செய்திருந்தால் அவருடைய நீர் 96 பாகையிலேயே கொதித்திருக்கும், கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறோமே! அதனால் ஒன்றும் கெட்டிருக்காது. அவருக்கு வேண்டியது 100 அல்ல, மாறாத ஒரு வெப்பநிலை.

இனி உன் தோட்டத்து லயத்துக்கு வருவோம். ட்ரான்ஸ்போமர் பெக்டரிப் பக்கம். உங்கள் காம்பரா சரிவின் கடைசியில். நீ கண்டுபிடித்த 32 ஓம் கேத்தலும் வழிநெடுகக் கிடக்கும் வயரும் சேர்ந்த தடை. கேத்தலின் சுருள் நிக்குரோம். சூடேறினாலும் தடை சில வீதம்தான் கூடும். (பழைய குண்டு பல்ப் அப்படியல்ல. 60 வாட் பல்புக்குக் கணக்கு 882 ஓம் சொல்லும். அணைத்து ஆறவைத்து அளந்தால் பத்தில் ஒரு பங்குகூட வராது.) ஆகவே 26.45ஐக் கழித்தால் மிஞ்சும் 5.5 ஓம் வயருடையது. 7.2ஆல் பெருக்கினால் 40 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. கேத்தலுக்குக் கிடைப்பது 190தான்.

வலு? கேத்தலில் 190 × 7.2, ஏறக்குறைய 1,370 வாட். வயரில் 290 வாட் சும்மா சூடாகிறது. ஒன்றரை லீற்றர் தண்ணீர் நாலு நிமிடத்தில் கொதிக்க வேண்டியது, ஆறு நிமிடம் எடுக்கும். வோல்டேஜ் குறைந்தால் பில்லும் குறையும் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதே. தண்ணீருக்கு வேண்டிய வெப்பம் அதேதான், நேரம்தான் நீளும். வீட்டு மின் மீற்றருக்கு இந்தப் பக்கத்து வயரில் வீணாவது உங்கள் பில்லில் ஏறும், அந்தப் பக்கத்தில் வீணாவது மின்சாரம் வழங்குபவர் தலையில்.

தடை கூடினால் வலு கூடுமா குறையுமா என்று வகுப்பில் நீங்கள் போட்ட சண்டைக்கும் விடை இங்கேயே இருக்கிறது. கேத்தலும் வயரும் தொடராக இருப்பதால் ஓட்டம் இரண்டுக்கும் ஒன்றே. எதற்குத் தடை அதிகமோ அதில்தான் வலு அதிகம், ஜூல் 1841இல் சொன்னபடி. ஒரே சுவரிலுள்ள இரண்டு சொக்கெற்றுகளில் கேத்தலையும் அயனையும் மாட்டினால் இரண்டுக்கும் அழுத்தம் ஒன்றே. அங்கே தடை குறைந்ததுதான் அதிக வலுவை இழுக்கும். எது பொது என்று பார்க்காமல் சூத்திரத்தைத் தூக்கினால் சண்டைதான் மிஞ்சும்.

கம்பியில் போகும் இந்த இழப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க, 2024இல் திறந்த உமா ஓயா மின்நிலையத்தை எடுத்துக்கொள். அதன் 120 மெகாவாட்டையும் 230 வோல்டில் அனுப்பப் பார்த்தால் ஐந்து லட்சம் அம்பியருக்கு மேல் வேண்டும். இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால்தான் நாட்டின் பெரிய கம்பிகளில் 1,32,000, 2,20,000 வோல்ட் ஓடுகிறது.

ஒரு கவலையும் உண்டு. அந்த 5.5 ஓமும் நீண்ட கம்பியில் பரவிக் கிடந்தால் பரவாயில்லை. அதில் ஒரு ஓம் ஏதாவது ஒரு தளர்ந்த இணைப்பில் இருந்தால், அந்த ஒற்றை இடத்தில் 50 வாட்டுக்கு மேல் சூடேறும். பிளாஸ்டிக் உருகும், லயத்துக் கூரையில் பலகையும் இருக்கிறது. தெரிந்த வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு சொக்கெற், பிரேக்கர் திருகுகளை இறுக்கச் சொல். நீ கை வைக்காதே.

அவர் வந்திருக்கும்போதே கேத்தல் ஓடும் நேரத்திலும் நிறுத்திய பிறகும் அதே சொக்கெற்றில் வோல்டை அளந்து தரச் சொல்லி எனக்கு எழுது. இரவு ஏழு மணிக்கு ஒருதடவை, விடியற்காலை ஒருதடவை. அயல் காம்பராக்களின் ஓட்டமும் அதே கம்பியில்தான் வருகிறது; அந்த 40 வோல்ட் முழுவதும் உன் கேத்தலால் மட்டும் இறங்கியதா என்று அப்போதுதான் தெரியும். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதே. அதில் மோட்டர் இருக்கிறது. வோல்ட் இறங்கினால் அது ஓட்டத்தைக் கூட்டி இழுக்கும்.

அன்புடன்,
உன் பழைய விஞ்ஞான வாத்தியார்